எள்ளில் ஏறிய மணம்

பத்தாண்டு நிறைவினையொட்டி நம் இலக்கிய வட்டம் ஒரு மலர் வெளியிடுகின்றது. நினைவுத் தொகுப்பு நூலுக்கு 'மலர்' என்று பெயர் சூட்டும் மரபு நமக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. பழகிய காரணத்தால் அப்பெயரின் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மலர் ஒரு பகலோ ஓர் இரவோ இருப்பது. நூலோ நெடுநாள் நிற்க வேண்டும் என்று விரும்பி அச்சிடப்படுவது. வாடும் பூவிலிருந்து வாடாத மணத்தைப் பிரித்தெடுத்து வைக்க இயலும் என்னும் நம்பிக்கை ஒன்று அப்பெயருக்குள் மறைந்து நிற்கின்றது.

அந்நம்பிக்கை வெறும் உவமையன்று. அது ஒரு கைத்தொழில். பூவின் மணத்தை நீரிலும் நெய்யிலும் விதையிலும் பிடித்து வைக்க மனிதர் பல நூற்றாண்டுகளாக முயன்று வந்துள்ளனர். அம்முயற்சியின் வரலாற்றை அரசர்களின் நூல்களும் வணிகர்களின் ஏடுகளும் எழுதியிருக்கின்றன. வீட்டின் அடுக்களையும் நீராட்டறையும் எழுதவில்லை. ஆயினும் அடுக்களையின் சான்று முற்றிலும் அழிந்துவிடவில்லை. யாரும் எதிர்பாராத இடத்தில், அறநூலிலும் தத்துவ நூலிலும், உவமையாக அது தங்கியிருக்கின்றது. அச்சான்றினை எடுத்துக் காட்டுவதும், அது நமக்கு எதனை உணர்த்துகின்றது என்று காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீயின் வழியும் நெய்யின் வழியும்

மணம் எடுக்கும் முறைகள் பலவாயினும் அவற்றை இரண்டு வழிகளில் அடக்கலாம். ஒன்று, பூவை நீரோடு கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குவது. இதனை நம் சித்த மருத்துவம் 'வாலையில் வடித்தல்' என்று கூறும். அவ்வாறு வடித்த நீருக்குத் 'தீநீர்' என்று பெயர். ஓமத் தீநீரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மற்றொன்று, பூவைத் தீயின் அருகே கொண்டு செல்லாமல், எண்ணெயோ கொழுப்போ எண்ணெய் வித்தோ அதன் மணத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளுமாறு விட்டுவிடுவது.

எந்தப் பூவுக்கு எந்த வழி என்பதைப் பூவே தீர்மானிக்கின்றது. ரோஜாவின் மணநெய் இதழின் மேற்புறத்து உயிரணுக்களில் தங்கியிருக்கும். கொதிநீரைத் தாங்கிக்கொண்டு ஆவியோடு எழுந்து வரும். அதன் மணப்பொருள்களுள் ஒருபகுதி நீரிலும் நன்கு கரையும். நம் திருமணப் பந்தலில் தெளிக்கும் பன்னீருக்கு அத்துணை மணம் இருப்பதன் காரணம் இதுவே. மல்லிகையின் இயல்பு வேறு. அது முன்கூட்டியே சேமித்து வைத்த மணம் அன்று. காலையில் பறித்த மொட்டு மணப்பதில்லை. மாலையில் வாய் நெகிழும்போதுதான் மணம் உண்டாகத் தொடங்குகின்றது. செடியை விட்டு நீங்கிய பின்னரும் இரவு முழுவதும் உண்டாகிக்கொண்டே இருக்கின்றது. அதனைக் கொதிநீரில் இட்டால் மணத்தைப் பிறப்பிக்கும் உயிர்ச்செயல் அந்நொடியே நின்றுவிடும். எஞ்சுவது வெந்த பூவின் வாடையே.

இவ்வுண்மையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஹெஸ்ஸே என்னும் செருமானிய வேதியியலார் அளந்து காட்டினார். ஒரே அளவு மல்லிகைப் பூவைக் கரைப்பானில் இட்டு உடனே எடுத்த மணநெய்யைவிட, கொழுப்பின்மேல் பரப்பிப் பொறுத்திருந்து எடுத்த மணநெய் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. மல்லிகையிடம் மணம் பெற வேண்டுமானால் அது உயிரோடிருக்கும் வரையில் அருகே காத்திருக்க வேண்டும் என்பது இதனால் அறியக்கிடக்கின்றது. மல்லிகையைச் சூடும் நாட்டில் நெய்யின் வழி முதன்மை பெற்றது தற்செயலன்று.

மாதவியின் நீராட்டறை

தமிழில் நறுமணக் கலை பற்றிய விரிவான சித்திரம் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் கிடைக்கின்றது. ஊடிய கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடம் அது. 10 வகைத் துவரும், 5 வகை விரையும், 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீரும் வாச நெய்யும் கொண்டு கூந்தல் நீராட்டப்படுகின்றது. பின்னர் நறும்புகையில் உலர்த்தப்படுகின்றது. அடியார்க்குநல்லார் தம் உரையில் அப்பொருள்களின் பட்டியலையே தந்துள்ளார். இலவங்கம், ஏலம், நன்னாரி, இலாமிச்சம் முதலியவற்றோடு புன்னைத் தாதும் வகுளமாகிய மகிழும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. அதே காப்பியத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, வண்ணமும் சுண்ணமும் சாந்தும் பூவும் புகையும் விற்போர் புகார் நகர வீதிகளில் திரிந்ததைக் கூறுகின்றது.

இங்கு நாம் நோக்க வேண்டியது தொழில்முறையினை. ஊறவைத்தல், நெய்யில் ஏற்றுதல், புகையூட்டுதல் என்னும் மூன்று வினைகள் இப்பகுதியில் தெளிவாக உள்ளன. ஆவியாக்கி வடித்தல் இல்லை. பழந்தமிழர் வாலை அமைத்து அத்தர் இறக்கினர் என்று மேடைகளில் சிலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். இலக்கியம் அவ்வாறு சொல்லவில்லை. சொல்லாததை ஏற்றிச் சொல்வதால் தமிழுக்குப் பெருமை சேராது. அதைவிடக் கேடானது ஒன்றுண்டு: இலக்கியம் உண்மையில் சொல்லும் அருமையான செய்தியைக் காணவிடாமல் அம்முழக்கம் நம் கண்ணை மறைத்துவிடுகின்றது. அச்செய்தி சிலம்பில் அன்று, நாலடியாரில் உள்ளது.

புத்தோடும் எள்ளும்

நாலடியாரின் ஒரு வெண்பா கற்றாரோடு பழகும் கல்லாதவரைப் பற்றியது. அவர்க்கும் நாள்தோறும் நல்லறிவு வந்து சேரும் என்பது கருத்து. அதற்குக் கூறப்படும் உவமை, பாதிரிப் பூவோடு சேர்ந்திருந்த புதிய மண்பாண்டம் தன்னுள் ஊற்றிய தண்ணீருக்கும் அம்மணத்தைத் தருவதாகும். வகுப்பறையில் இவ்வெண்பாவை நடத்தும்போது நாம் அறக்கருத்தை விளக்கிவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுகிறோம். உவமைக்குள் ஒரு தொழில்நுட்பம் முழுமையாக இருப்பதைக் கவனிப்பதில்லை.

பூவை நேரே நீரில் இட்டால் அது அழுகும், நீர் கெடும். ஆகவே பூ முதலில் ஓட்டில் வைக்கப்படுகின்றது. ஓடு புதியதாக இருக்க வேண்டும் என்று புலவர் கூறுவதும் அடைமொழிக்காக அன்று. பழகிய பானையின் நுண்துளைகள் அடைபட்டிருக்கும். அதில் முன்பு வைத்த பொருள்களின் வாடையும் ஏறியிருக்கும். சுட்டு எடுத்த புதுப்பானையின் துளைகள் திறந்தவை. பூவின் மணத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பூவை நீக்கிய பின் நீர் ஊற்றினால் அம்மணத்தை நீருக்கு விடுகிறது. பூ, ஓடு, நீர் என்ற மூன்று படிகளும் தீயின்றி நிகழ்கின்றன. கேட்பவர் அனைவரும் தம் வீட்டில் கண்டிருந்தாலன்றி இவ்வுவமை பயன்படாது. எனவே அவ்வெண்பா எழுந்த காலத்தில் இது எளிய வீடுகளிலும் அறிந்த வழக்கமே எனலாம்.

இதற்கு இணையான மற்றொரு சான்று வடக்கே, புருஷபுரத்தில் பிறந்த அசங்கர் என்னும் பௌத்த ஆசிரியரிடம் கிடைக்கின்றது. கி.பி. 4ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவருடைய மகாயான சங்கிரகம், வடமொழி மூலம் மறைந்து, சீன, திபெத்திய மொழிபெயர்ப்புகளில் மட்டும் எஞ்சியிருக்கும் நூல். வினை கணத்தில் மறைந்துவிடுகின்றது. அதன் பயன் எவ்வாறு பின்னர் வந்து பற்றுகின்றது என்பது அங்கே எழும் வினா. பூவோடு சேர்த்து வைத்த எள்ளை அவர் விடையாகக் காட்டுகின்றார். பூ அழிந்துவிடும். ஆனால் அதனோடு கிடந்த எள்ளிலிருந்து எடுக்கும் நெய்யில் பூவின் மணம் இருக்கும். செய்த வினையின் பதிவும் அவ்வாறே மனத்தில் ஏறி நிற்கும் என்பது அவர் கொள்கை. அப்பதிவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'வாசனை'.

இச்சொல் நமக்கு அயலானதன்று. பூவின் மணத்தையும் வாசனை என்கிறோம். முற்பிறவியின் தொடர்ச்சியையும் பூர்வ வாசனை என்கிறோம். இரண்டும் ஒரே சொல்லாக அமைந்ததன் காரணத்தை எள்ளே விளக்குகின்றது. மணமேற்றுதல் என்னும் கைத்தொழிலின் சொல்லே மனத்தின் இயல்பைப் பேசும் தத்துவச் சொல்லாகவும் நிற்கின்றது. தெற்கே ஓர் அறப்புலவரும் வடக்கே ஒரு தத்துவ ஆசிரியரும், ஒருவர் கல்வியைப் பற்றியும் மற்றவர் வினையைப் பற்றியும் பேச வந்து, வீட்டுப் பொருள்களாகிய ஓட்டையும் எள்ளையும் கையில் எடுத்திருக்கின்றனர். பூவோடு எள்ளைச் சேர்த்து வைக்கும் முறை கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் எல்லார்க்கும் தெரிந்த ஒன்றாய் இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அரசர் நூல்கள்

வீட்டு வழக்கத்தை நூலாக்கியவர்கள் அரசவையைச் சார்ந்தோர். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத்சம்கிதையில் கந்தயுக்தி என்று ஓர் இயலே உள்ளது. 16 மணப்பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தால் 1820 கூட்டுகள் கிடைக்கும் என்று அவர் கணக்கிடுகின்றார். நறுமணக் கலை அங்கே கணிதமாகிவிடுகின்றது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த மானசோல்லாசம் அரசனின் நீராட்டை விரிவாகப் பேசும். நறுமலர்களால் மணமூட்டிய எள்ளை ஆட்டி எடுத்த நெய் அங்கு அரச போகமாகக் காட்டப்படுகின்றது.

கங்காதரர் என்பார் இயற்றிய கந்தசாரம் என்னும் நூல், மணத்தொழிலின் வினைகளை ஆறாக வகுக்கின்றது. பாவனம், பாசனம், போதம், வேதம், தூபனம், வாசனம் என்பன அவை. ஊறவைத்தல், சமைத்தல், மணத்தை எழுப்புதல், ஊடுருவச் செய்தல், புகையூட்டல், மலரால் மணமேற்றல் என்று தமிழில் இவற்றைக் கூறலாம். இந்நூலினைப் பற்றிப் புனே அறிஞர் பி. கே. கோடே முதலில் ஆராய்ந்து எழுதினார். 1989இல் பரோடாவில் அது அச்சேறியது. ஆறு வினைகளுள் இறுதியில் நிற்பது மலருக்கே உரியது. அதன் பெயரும் வாசனமே.

இந்நூல்களில் கூட்டு உண்டு, அளவு உண்டு, அரசனின் பெயர் உண்டு. எள்ளை உலர்த்தியவர், இரவில் பூப் பரப்பியவர், வாடிய பூவை மறுநாள் பொறுக்கியவர் யார் என்ற குறிப்பு இல்லை.

வாலை வந்த வழி

வாலையின் வரலாறு சிக்கலானது. தட்சசீல அகழாய்வில் ஜான் மார்ஷல் கண்டெடுத்த மட்கலங்கள் சிலவற்றை அவர் வாலைக்கலம் என்று விளக்கினார். இன்றைய பாகிஸ்தானில் உள்ள சார்சத்தாவை அடுத்த ஷைகான் தேரியில் கிடைத்த கலங்களையும் சேர்த்து ஆராய்ந்த ஆல்சின், வடித்தலின் தாயகம் இந்தியாவோ என்று 1979இல் ஒரு கட்டுரையில் வினவினார். அக்கலங்கள் மது வடித்தவை என்பதே அவர் கருத்து. மலரோடு அவற்றை இணைக்கச் சான்றில்லை. மலர்மணத்தை வடிக்கும் கலையை நூலாக எழுதி வைத்தவர்களுள் முன்னோடி, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி. மணப்பொருள் வேதியியலும் வடித்தலும் பற்றிய அவருடைய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. பாரசீகத்துப் பன்னீர் நெடுங்காலம் கடல் வணிகத்தில் சிறப்புற்றிருந்தது.

அவ்வழியில் வளர்ந்ததே கன்னோசி நகரின் தொழில். உத்தரப்பிரதேசத்தில் உள்ள அந்நகரில் 'தேக்' எனப்படும் செம்புக் கொப்பரையில் பூவும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி அடைக்கின்றனர். மூங்கில் குழாய் வழியே செல்லும் ஆவி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்னும் கலத்தில் சேர்கின்றது. அக்கலத்தில் சந்தன எண்ணெய் இருப்பது மரபு. ஆவி குளிர்ந்ததும் மணம் எண்ணெயில் ஏற, நீர் கீழே பிரிந்து நிற்கும். இங்கும் மணத்தை ஏந்திக்கொள்ள ஓர் எண்ணெய் வேண்டியிருந்தது என்பது நோக்கத்தக்கது. தீயின் வழி வந்த பின்னரும் இந்நாட்டினர் நெய்யின் வழியைக் கைவிடவில்லை. இரண்டையும் ஒரு கலத்தில் இணைத்தனர்.

பெயர் சிதைந்த பெண்கள்

மணத்தொழிலில் பெயர் எஞ்சிய பெண்கள் மிகச் சிலர். மெசபொத்தேமியாவில், ஏறத்தாழ கி.மு. 1200ஐச் சார்ந்த களிமண் பலகை ஒன்றில் தப்பூத்தி என்னும் பெண்ணின் பெயர் உள்ளது. 'பேலத்தேகல்லிம்' என்பது அவளது அரண்மனைப் பொறுப்பைக் குறிக்கும் பட்டம். மணத்தைலம் செய்யும் முறை அவள் வாய்மொழியாகப் பதிவாகியிருக்கின்றது. மற்றொரு பெண்ணின் பெயரும் அத்தொகுதியில் உண்டு. ஆனால் பலகை சிதைந்ததால் பெயரின் முற்பகுதி போய்விட்டது. 'நினு' என்ற ஈறு மட்டும் எஞ்சியிருக்கின்றது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெண் ஒருத்தியின் அறிவுக்குச் சான்றாக நமக்கு மிஞ்சியவை இரண்டே எழுத்துகள்.

நம் நாட்டில் அத்தகைய பெயர் ஒன்று நூர்ஜகானின் தாயார் அஸ்மத் பேகத்தினுடையது. பேரரசர் ஜகாங்கீர் (ஆட்சி 1605-1627) தம் நினைவுக் குறிப்பில் அச்செய்தியைப் பதிந்துள்ளார். அஸ்மத் பேகம் பன்னீர் இறக்கும்போது, சூடாக ஊற்றிய பன்னீரின் மேற்பரப்பில் ஆடை போல் ஏதோ படிவதைக் கண்டார். அதனைச் சிறிது சிறிதாகத் திரட்டினார். அதன் ஒரு துளி உள்ளங்கையில் பட்டால் அவை முழுவதும் மணக்கும் என்று பேரரசர் வியக்கின்றார். அவர் முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தார். அங்கிருந்த சலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ரே ஜகாங்கீரி' என்று பெயரிட்டார்.

ரோஜா நெய் உலகில் முதன்முதல் கண்டறியப்பட்டது அன்றுதான் என்று கொள்ள வேண்டுவதில்லை. இந்நிகழ்ச்சி உணர்த்துவது வேறொன்று. பன்னீரைப் பலரும் இறக்கினர். மேலே படிந்த ஆடையைக் கழித்தவர்களும் இருந்திருப்பர். அதனைக் கவனித்துத் திரட்டியது ஒரு பெண்ணின் கை. ஆனால் பெயரோ மருமகனாகிய பேரரசரின் பெயர். பேரரசியின் தாயார் என்பதனால் இவ்வளவாவது எழுதப்பட்டது. பாதிரிப் பூவைப் புத்தோட்டில் வைத்த பெண்களுக்கு எழுதுவோர் எவருமிலர்.

காஸிப்பூரும் கிராஸும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கங்கைக் கரையின் காஸிப்பூரில் இருந்த ஜாக்சன் என்னும் ஆங்கில மருத்துவர், அவ்வூரார் மல்லிகை நெய் எடுத்த முறையை அளவுகளோடு எழுதி வைத்தார். தரையில் 4 அங்குல உயரம் பூப் பரப்பி, அதன்மேல் நனைத்த எள்ளை 2 அங்குலம் பரப்பி, மீண்டும் பூவால் மூடி, துணி போர்த்திப் பாரம் வைத்தனர். 12 முதல் 18 மணி நேரம் கழித்துப் பழைய பூவை நீக்கிப் புதிய பூ இட்டனர். மணம் மிகுதியாக வேண்டுமாயின் மூன்றாம் முறையும் இவ்வாறே செய்தனர். பின்னர் மணத்தால் நிறைந்து பருத்த எள்ளைச் செக்கில் ஆட்டினர். அசங்கர் உவமையாகக் கூறியதை 1400 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அடிக்கோல் கொண்டு அளந்து எழுதியது போல் இருக்கின்றது இக்குறிப்பு.

அதே காலத்தில் தென்பிரான்சின் கிராஸ் நகரம் நெய்யின் வழியை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தது. தோல் பதனிடும் ஊராகத் தொடங்கி, மணமூட்டிய கையுறைகளால் புகழ்பெற்று, பின்னர் மணத்துக்கே உரிய ஊராக மாறியது கிராஸ். மரச்சட்டத்தில் பொருத்திய கண்ணாடியின்மேல், தூய்மை செய்த பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் கலந்து பூசி, அதன்மேல் மல்லிகையை ஒவ்வொன்றாகப் பரப்புவர். ஒருநாள் கழித்துப் பூவை எடுத்துவிட்டுப் புதிய பூ இடுவர். இவ்வாறு 30 முறைக்கு மேலும் செய்வதுண்டு. கொழுப்பு மணத்தால் நிறைந்ததும் சாராயத்தில் கழுவி மணநெய்யைப் பிரிப்பர். பூப் பறித்தோரும் பரப்பியோரும் பெரும்பாலும் பெண்களே. கரைப்பான் முறை பரவியதும் 20ஆம் நூற்றாண்டில் இத்தொழில் அருகிவிட்டது. கிராஸ் வட்டாரத்தின் நறுமணத் திறன்களை 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எள்ளைப் பூவோடு அடுக்கிய கைகளுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பூவுக்குக் கிடைத்த பெருமை. பூவிலிருந்து மணமெடுக்கும் அறிவுக்குக் கிடைத்ததன்று. இன்று தமிழகத்தின் குண்டுமல்லியும் சாதிமல்லியும் ஹெக்சேன் என்னும் கரைப்பானில் கழுவப்பட்டு, மெழுகு போன்ற மணத்திரளாகிக் கடல் கடக்கின்றன. உழவருக்கு அதனால் வருவாய் உண்டு. அதனைக் குறை கூறுதல் கூடாது. ஆயினும் மல்லிகையை ஓர் இரவு முழுவதும் எள்ளோடு வைத்திருக்கத் தெரிந்த வீடு எத்தனை என்று கேட்டுப் பார்த்தால் விடை சொல்லத் தயக்கமாக இருக்கின்றது.

இல்லத்தில் செய்து பார்த்தல்

வரலாற்றுக் கட்டுரையில் செய்முறை எதற்கு என்று சிலர் கருதலாம். கையால் செய்து அறியாத கலையின் வரலாறு பட்டியலாகவே நின்றுவிடும். ஆதலின் இரண்டு வழிகளையும் சுருங்கக் கூறுகிறேன்.

மல்லிகைக்கு: வறுக்காத எள்ளைக் கழுவி, மண் நீக்கி, உலர்த்திக்கொள்க. மாலையில் வாய் நெகிழ்ந்த பூவைக் காம்பு களைந்து எடுக்க. ஈரப் பூ ஆகாது. ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், நெய்யும் விரைவில் காறல் வாடை கொள்ளும். அகன்ற மண்தட்டில் பூவும் எள்ளுமாக அடுக்கி வெள்ளைத் துணியால் மூடுக. காஸிப்பூரார் எள்ளை நனைத்தனர். நம் ஊர்ப் புழுக்கத்தில் உலர்ந்த எள்ளே வீட்டுக்கு ஏற்றது. மறுநாள் காலை வாடிய பூவைப் பொறுக்கி எறிந்து, மாலையில் புதிய பூ இடுக. ஐந்தாறு இரவுகள் இவ்வாறு செய்து, எள்ளை நிழலில் உலர்த்தி மரச்செக்கில் ஆட்டுவிக்கலாம். நல்லெண்ணெய்க்கு இயல்பாகவே கெடாது நிற்கும் ஆற்றல் மிகுதி. செக்கு அருகில் இல்லையெனில், வெள்ளைப் பருத்தித் துணியை எண்ணெயில் தோய்த்துத் தட்டில் விரித்து அதன்மேல் பூப் பரப்புவதும் ஒரு முறை. இறுதியில் துணியைப் பிழிந்து எண்ணெயை எடுப்பர். கிராஸ் நகரத்தாரும் ஒலிவ எண்ணெய்க்கு இதனைக் கையாண்டனர்.

பன்னீர் ரோஜாவுக்கு: மருந்து தெளிக்காத செடியின் பூவாக இருத்தல் வேண்டும். அகன்ற பாத்திரத்தின் நடுவே ஒரு கல்லை வைத்து, அதன்மேல் சிறு கிண்ணம் வைத்து, கல்லைச் சுற்றி இதழும் அது மூழ்குமளவு நீரும் இடுக. மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பைக் கோதுமை மாவால் அடைத்து, மூடியின்மேல் குளிர்ந்த நீர் ஊற்றிச் சிறு தீயில் வைக்க. ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். மேலே உள்ள நீர் சூடேறியதும் மாற்றுக. முதலில் சேரும் நீரே மணம் மிக்கது; பேராசைப்பட்டு நீர் வற்றும்வரை காய்ச்சினால் தீய்ந்த வாடை கலந்துவிடும். ரோஜா நெய் திரளும் என்று எதிர்பார்த்தல் வேண்டா. ஒரு கிலோ ரோஜா நெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். வீட்டில் கிடைப்பது பன்னீர், அதுவே போதுமானது.

இவற்றைச் செய்து பார்க்கையில் ஒன்று புலனாகும். முதல் இரவு கழிந்ததும் எள்ளை முகர்ந்தால் எள் மணமே இருக்கும். இரண்டாம் இரவும் ஐயமே எஞ்சும். பூவுக்குச் செலவிட்ட பணம் வீண் என்றே தோன்றும். மூன்றாம் நான்காம் நாளில்தான் எள் தன் இயல்பை விட்டுக்கொடுக்கத் தொடங்குகின்றது. நாலடியார் நாள்தோறும் என்று காலத்தைச் சுட்டியதன் நயம் அப்போது விளங்குகின்றது. நல்லறிவு ஒரே சந்திப்பில் வந்து சேர்வதன்று. பல ஆண்டுகள் வகுப்பறையில் அவ்வெண்பாவை நடத்தியும் அச்சொல்லின் அருமை எனக்கு எள்தட்டின் அருகில்தான் புரிந்தது என்பதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

நிறைவாக

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம். தென்னாட்டிலும் வடநாட்டிலும் மலர்மணம் எடுக்கும் கலைக்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகள் தீயையன்று, ஓட்டையும் எள்ளையும் நெய்யையுமே முதன்மையாகக் காட்டுகின்றன. வாலை பின்னர் இக்கலையோடு இணைந்தது. அதனை அயலார் தந்தது என்று ஒதுக்குவதும், நம்முடையதே என்று வலிந்து உரிமை கொள்வதும் ஒருசேரத் தவறு. இக்கலையின் நூல்கள் அரசர் பெயரால் நின்றன. கலையைக் காத்தவர் பெயர் நில்லவில்லை. ஆயினும் அவர்கள் செய்தது இரண்டு பேருண்மைகளை விளக்க உவமையாயிற்று. கல்வி எவ்வாறு சேர்கின்றது, வினை எவ்வாறு தொடர்கின்றது என்பவற்றைச் சான்றோர் அவர்களுடைய பானையையும் எள்ளையும் காட்டியே விளக்கினர்.

இதில் புலவர்களாகிய நமக்கு ஒரு கடமை உண்டு. உவமை நிலைக்க வேண்டுமானால் அதன் பின்னுள்ள வாழ்க்கை நிலைக்க வேண்டும். புத்தோட்டில் பூ வைக்கும் வழக்கம் போன பின், நாலடியாரின் அவ்வெண்பா உரையாசிரியர் துணையோடு மட்டுமே வாழ்கின்றது. எள்ளில் பூவிடும் வழக்கமும் போய்விட்டால் வாசனை என்னும் சொல்லின் இரு பொருள்களை இணைத்த பாலம் முறிந்துவிடும். அகராதியில் எண் இட்ட இரண்டு பொருள்களாக அவை தனித்தனியே நிற்கும். நம் ஊர்களில் இன்னும் இவற்றை அறிந்த மூதாட்டியர் இருக்கின்றனர். தாழம்பூ மடலைப் புடவைப் பெட்டியில் வைப்பதும், உலர்ந்த மகிழம்பூவைத் துணியில் முடிந்து வைப்பதும், தலைக்கு நெய் காய்ச்சுவதும் அவர்களுக்குத் தெரியும். வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூதாட்டி ஒருவரைக் கேட்டு, அவர் பெயரோடு அதனை எழுதி வைப்பாராயின், அடுத்த பத்தாண்டு மலர் வருவதற்குள் நம்மிடம் ஒரு நூலே சேர்ந்துவிடும். பெயரைச் சேர்த்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். 'நினு' என்ற இரண்டு எழுத்துகளாக அவர்களும் எஞ்சக் கூடாது.

பத்தாண்டுகளாக நாம் மாதந்தோறும் கூடினோம். ஒவ்வொரு கூட்டமும் அன்றலர்ந்த பூவாய் மறுநாள் வாடியது; பேசியவை பல மறந்தும் போயின. எனினும் நம்முள் ஏதேனும் ஏறியிருக்குமாயின், அது அருகே இருந்ததனால் ஏறியது. இம்மலரைக் கையில் எடுப்போர் நம்மைவிடத் தகுதியான செக்காக இருந்து அதன் நெய்யைப் பிழிந்து கொள்வார்களாக.